குவெஸ்ட் கேப் வாங்கியாச்சு, இனி எதுக்கு லாகின்?

செக்காலை_சித்தன்:

எல்லோருக்கும் வணக்கம். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமை மூன்று வருடமாக ஆடுகிறேன். போன வாரம் கடைசி குவெஸ்டை (கதைப் பணி) முடித்து, எல்லாக் குவெஸ்ட்டும் முடித்தவருக்குக் கிடைக்கும் கேப்பையும் (மேலங்கி) மாட்டிக்கொண்டேன். அன்று ராத்திரி புரோட்டா பார்சல் வாங்கித் தனியாகவே கொண்டாடினேன்.

மறுநாள் லாகின் செய்தேன். கேமின் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் வாசலில் கேப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றேன். அவ்வளவுதான், லாக் அவுட். அதற்கு அடுத்த நாளும் அதே கதை. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

காரைக்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கல்லாவில் இருக்கிறேன். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் போனில் கொஞ்சம், ராத்திரி ஒன்பதரை முதல் பதினொன்று வரை. எனக்குக் கிடைக்கும் நேரம் இதுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓடக்கூடிய இலக்கு என்ன வைக்கலாம்? நீங்களெல்லாம் எதைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறீர்கள்? "சும்மா ஜாலியா ஆடு" என்ற பதில் மட்டும் வேண்டாம். சும்மா ஆடத் தெரிந்திருந்தால் இங்கே வந்து கேட்டிருக்க மாட்டேன்.

வைரவன்பட்டி_வாட்ச்மேன்:

விட்டுவிடு தம்பி. கதை முடிந்தது, கேம் முடிந்தது. இதற்கு எதற்கு ஒரு இழை?

ஆத்தங்குடிக்காரன்:

வாட்ச்மேன் அண்ணன் இதையேதான் போன வருடமும் சொன்னார். ஆனால் தினமும் ஆன்லைனில் பச்சை விளக்கு எரிகிறது.

சித்தா, "எல்லா ஸ்கில்லும் 99" என்று மட்டும் இறங்கிவிடாதே. எல்லோரும் முதலில் விழும் குழி அது. ஒரு ஸ்கில் அதன் உச்ச லெவலான 99-ஐத் தொட 13,034,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும். 92-ஆம் லெவலில்தான் அதில் பாதியே வரும். அதாவது 1-லிருந்து 92 வரை எவ்வளவு உழைத்தாயோ அதே உழைப்பு கடைசி ஏழு லெவலுக்கும் வேண்டும். மணிக்கு 50,000 எக்ஸ்பி வரும் வேலை என்று வைத்தாலும் ஒரு ஸ்கில்லுக்கு 260 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் ஆடினால் எட்டரை மாதம். ஒரு ஸ்கில்லுக்கு!

அந்த எட்டரை மாதமும் ஒரே வேலை. ஆரம்பத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லெவல் ஏறிப் பட்டாசு வெடிக்கும். 90-க்கு மேல் வாரக்கணக்கில் ஒன்றும் வெடிக்காது. நான் அஜிலிட்டியில் 91 வரை போய், கூரை கூரையாகக் குதித்து வெறுத்து, நான்கு மாதம் கேம் பக்கமே வரவில்லை.

இன்னொன்று. எல்லாம் 99 என்றால் மொத்தம் 2277 என்று எத்தனை பேர் மனதில் எழுதி வைத்திருந்தார்கள்! 2025 நவம்பரில் செயிலிங் என்ற புது ஸ்கில் வந்தது, மொத்தம் 2376 ஆகிவிட்டது. கோட்டை நகர்த்துவது கேம் கம்பெனி கையில் இருக்கிறது. அதை நம்பி வருடக்கணக்கில் ஓடாதே.

கவுனி_அரிசி:

ஆத்தங்குடி சொன்ன கணக்கு சரி. டிராப் (அடித்த மிருகத்திடமிருந்து விழும் பொருள்) பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

நிறையப் பேர் அடுத்து கலெக்‌ஷன் லாக் என்ற, அரிய பொருட்களைச் சேர்க்கும் பட்டியல் பக்கம் போவார்கள். நானும் போனேன். அபிஸல் விப் என்ற சாட்டை 512-க்கு 1 என்று போட்டிருக்கும். 512 அடித்தால் வந்துவிடும் என்று மனது நினைத்துக்கொள்ளும். வராது. 512 அடித்த பிறகும் 37 சதவீதம் பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். 1024 அடித்த பிறகும் நூற்றுக்கு 13 பேருக்கு இல்லை. நான் அந்த 13 பேரில் ஒருத்தி. அதனால் டிராப்பை இலக்காக வைப்பதை விட்டுவிட்டேன். "இந்த மாதம் 300 அடிப்பேன்" என்று எண்ணிக்கையை வைத்துக்கொள்கிறேன். 300 என் கையில் இருக்கிறது, விப் இல்லை.

லாக் விஷயத்தில் எனக்கு வேறொன்றும் உறைத்தது. நான் பிறந்த வருடத்திலிருந்து எங்கள் ஆத்தா எனக்குச் சாமான் சேர்த்தார். தீபாவளிக்கு ஒரு தூக்குவாளி, பொங்கலுக்கு ஒரு குத்துவிளக்கு, மலேசியாவிலிருந்து யாராவது வந்தால் மங்குத் தட்டு என்று இருபத்து மூன்று வருடம். இரண்டாம் கட்டு அறை நிறைந்துவிட்டது. அதற்கெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும்போதுதான் அந்த நோட்டை முழுதாகப் பார்த்தேன். "வாங்க வேண்டியது" என்று அதில் ஒரு பக்கம்கூட இல்லை. வாங்கியது மட்டும்தான் தேதி போட்டு எழுதியிருந்தது.

கேமில் இருக்கும் லாக் அப்படி இல்லை. நாம் எடுத்தது நாலு என்றால் எடுக்காத ஆயிரமும் மங்கலாக நின்று முறைக்கும். அதைத் திறப்பதையே நிறுத்திவிட்டு நானும் ஒரு நோட்டு போட்டேன். கிடைத்தது, தேதி, கூட யார் இருந்தார்கள், அவ்வளவுதான். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

வைரவன்பட்டி_வாட்ச்மேன்:

அந்தக் காலத்துச் சாமானெல்லாம் இப்போது முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் விலை எழுதி ஒட்டி நிற்கிறது ஆச்சி.

கவுனி_அரிசி:

தெரியும். போன மாதம்தான் ஆத்தா வைத்திருந்தது மாதிரியே ஒரு மங்குக் கூசாவை அங்கே பார்த்து விலை கேட்டுவிட்டு வந்தேன். அதனால் ஆத்தா சேர்த்த இருபத்து மூன்று வருடம் வீண் என்று சொல்ல வருகிறீர்களா?

எனக்கு 31 வயதுதான். அக்கா என்றால் போதும்.

குன்றக்குடி_மயில்:

சித்தா, ஐயர்ன்மேன் போடு. புது அக்கவுண்ட், யாரிடமும் எதையும் வாங்க முடியாது, விற்க முடியாது, எல்லாம் நீயே அடித்து, நீயே வெட்டி, நீயே சமைக்க வேண்டும். சாதா அக்கவுண்ட்டில் காசு கொடுத்துத் தாண்டிப் போன ஒவ்வொரு பொருளும் அங்கே தனி இலக்கு. ஒரு பானம் காய்ச்சுவதற்கே விதை தேடி, நட்டு, காத்திருந்து பறிக்க வேண்டும். எனக்கு இரண்டு வருடம் ஓடிவிட்டது, சலிப்பே இல்லை.

ஆத்தங்குடிக்காரன்:

வந்துவிட்டான்யா. எந்த இழைக்குப் போனாலும் இவனுக்கு ஐயர்ன்மேன்தான் மருந்து. கேப் வாங்கின களைப்பில் இருப்பவனை முதல் லெவலிலிருந்து ஆரம்பி என்பது, பழனி போய்ச் சேர்ந்தவனை மறுபடி குன்றக்குடியில் கொண்டுவந்து விடுவது மாதிரி.

குன்றக்குடி_மயில்:

நல்ல ஆளிடம் பழனியைப் பற்றிப் பேசினாய். ஐந்து வருடமாகத் தைப்பூசத்துக்கு நடக்கிறேன். ஒருநாள்கூட யாரும் "இன்னும் பழனிக்கு எத்தனை கிலோமீட்டர்" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "ராத்திரி எங்கே தங்குகிறோம், அங்கே என்ன சாப்பாடு" என்றுதான் கேட்பார்கள். அப்புறம் நகரத்தார் காவடி பழனியோடு முடிவதில்லை, திரும்பியும் நடந்தேதான் வருகிறது. போகும்போது இருந்த கூட்டமும் பரபரப்பும் திரும்பும்போது இருக்காது, ஆனால் எங்கள் அப்பாவுக்குப் பிடித்தது அந்தத் திரும்பும் நடைதான்.

சித்தன் இப்போது பழனியில் நிற்கிறான். யாரும் அவனுக்குத் திரும்பும் வழியைச் சொல்லவில்லை.

செக்காலை_சித்தன்:

மயில் அண்ணே, நீங்கள் சொன்னது நன்றாக இருக்கிறது, ஆனால் ஐயர்ன்மேன் எனக்கு ஒத்துவராது. மூன்று வருடம் வளர்த்த ஆளை பேங்க் வாசலில் நிறுத்திவிட்டு இன்னொருவனோடு போக மனசு வரவில்லை.

தேவகோட்டை_ரஸ்தா:

நான் உங்கள் கேம் ஆடுவதில்லை. வெளியிலிருந்து ஒரு வார்த்தை.

கில்ட் வார்ஸ் 2-இல் உச்ச லெவல் 80. 2012-இல் வந்தபோதும் 80, இன்றைக்கும் 80. எண் ஏறாத கேமில் மனிதன் எதற்கு இருக்கிறான் என்று கேட்பீர்கள். லெஜண்டரி ஆயுதம் செய்ய இருக்கிறான். பழைய தலைமுறை லெஜண்டரி ஒன்றுக்கு 77 மிஸ்டிக் க்ளோவர், 250 எக்டோ, 250 அப்சிடியன் துண்டு, பழைய உலக மேப் முழுவதும் சுற்றி முடித்தால் கிடைக்கும் ஒரு பரிசு, ஆளோடு ஆள் சண்டை போடும் களத்தில் கிடைக்கும் ஒரு பரிசு, இன்னும் என்னென்னவோ. ஒரே பொருள்தான், ஆனால் அதைச் செய்து முடிப்பதற்குள் கேமின் எல்லா மூலைக்கும் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த மேப்பை முடிக்கும்போதுதான் நான் ஆடும் கேம் எவ்வளவு அழகு என்று பார்த்தேன். அதுவரை தரையைப் பார்த்தே ஓடிக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஃபைனல் ஃபேண்டஸி 14 பக்கமும் போனேன். அங்கே தயாரிப்பாளரே "புதுசு வரும்வரை வேறு கேம் ஆடிவிட்டு வாருங்கள்" என்கிற ஆள். நல்ல மனுஷன். ஆனால் கேமுக்குள் வீடு வாங்கிவிட்டு 45 நாள் உள்ளே நுழையாமல் இருந்தால் வீட்டை இடித்துவிடுவார்கள்! பூட்டிய பெரிய வீடுகள் நிறைந்த கானாடுகாத்தானில் இந்தச் சட்டம் வந்தால் தெருவில் எத்தனை வீடு மிஞ்சும் சொல்லுங்கள்.

ஆத்தங்குடிக்காரன்:

வாசலில் வாட்ச்மேன் இருந்தால் நுழைந்த கணக்கு என்று ஒரு திருத்தம் கொண்டுவந்துவிடுவார்கள்.

வைரவன்பட்டி_வாட்ச்மேன்:

எனக்குக் கேட்கிறது.

பெட்டியடி_பையன்:

இழையை இன்றுதான் பார்த்தேன். எனக்கு வயது 54. பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்து, ஊரடங்கு நேரத்தில் போனில் ஆரம்பித்தேன். பிள்ளைகள் விட்டுவிட்டார்கள், நான் விடவில்லை. ஏன் விடவில்லை என்று சொல்கிறேன்.

எங்கள் ஐயா சின்ன வயதில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வேலைக்கு, போனவர். முதலில் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், கடைசியில் மேலாள். இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் "லெவல் 1, லெவல் 50, லெவல் 99" என்று உடனே புரிந்துகொள்வார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது படி ஏறியதைப் பற்றி இல்லை. போனவர்கள் காலவரையில்லாமல் போகவில்லை. மூன்று வருடக் கணக்கு. மூன்று வருடம் முடிந்ததும் கணக்கை முடித்து, வரவு செலவு பார்த்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறுவார்கள். ஊரில் இருந்து, வீட்டைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் அடுத்த கணக்குக்குப் போவதா வேண்டாமா என்ற பேச்சே.

நமக்குக் கேமில் இந்த ஊருக்குத் திரும்புகிற பகுதி கிடையாது. கேம் முடிவதே இல்லை, நாமும் முடித்துக்கொள்வதில்லை. தினமும் ஆடுவோம், ஒருநாள் வெறுத்துப்போய் விடுவோம். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் பிள்ளைகள், பர்ன் அவுட்டாம்.

நான் மூன்று மாதக் கணக்கு வைத்திருக்கிறேன். முதல் நாள் ஒரு தாளில் நான்கே நான்கு காரியம் எழுதுவேன். இரண்டு பெரியது, ஒன்று சின்னது, ஒன்று எதற்கும் உதவாதது. போன கணக்கில் அந்த உதவாத காரியம், கேமுக்குள் ஊர் ஊராகப் போய் விட்டுப்போன பின்னணிப் பாட்டுகளையெல்லாம் திறப்பது. மூன்று மாதம் முடிந்ததும் தாளில் வரவு வைத்துவிட்டு இரண்டு வாரம் போனிலிருந்து கேமையே எடுத்துவிடுவேன். முடியாத காரியம் அடுத்த கணக்குக்குத் தானாகப் போகாது. மறுபடியும் வேண்டும் என்றால் மறுபடியும் எழுத வேண்டும். பாதிக்குப் பாதி எழுதத் தோன்றாது. அப்போதுதான் அது எனக்கு வேண்டியதே இல்லை என்று தெரியும்.

கல்லாவில் இருக்கும் தம்பிக்கு இன்னொன்று: ஃபார்மிங். மேஜிக் மரம் நட்டால் வளர 8 மணி நேரம். காலையில் கடை திறக்குமுன் ஐந்து நிமிடம் நடு, ராத்திரி வந்து பார். கேமை உட்கார்ந்து காவல் காக்க வேண்டாம். மூலிகை என்றால் 80 நிமிடம், மத்தியானம் ஒரு சுற்று போகலாம். நான் 99 தொட்டது இந்த ஒரு ஸ்கில்லில்தான், எப்படித் தொட்டேன் என்றே தெரியாமல் தொட்டேன்.

செக்காலை_சித்தன்:

ஐயா, இதை நான்கு முறை படித்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். உங்கள் ஐயாவுக்கு மூன்று வருடம் முடிந்தால் சம்பளம் வந்தது. இங்கே மாதச் சந்தா நாம் அல்லவா கட்டுகிறோம்?

பெட்டியடி_பையன்:

சரியான கேள்வி. எனக்கு மகன் கட்டுகிறான்.

கவுனி_அரிசி:

சந்தா என்றதும் நினைவு வந்தது. "கேம் காசிலேயே பாண்ட் வாங்கிச் சந்தா கட்டுகிறேன், அதுதான் என் இலக்கு" என்று ஒரு ஆறு மாதம் நான் திரிந்தேன். ஒரு பாண்டுக்கு 14 நாள் சந்தா. பதினான்கு நாளுக்கு ஒருமுறை வாடகை கேட்டு ஆள் வந்து நிற்பது மாதிரி ஆகிவிட்டது. பிடித்த பாஸை (பெரிய எதிரி) அடிக்கப் போவதில்லை, காசு வரும் பாஸைத்தான் அடிப்பேன். பகலில் ஆபீஸ், ராத்திரி இன்னொரு ஆபீஸ். சித்தா, அந்தப் பக்கம் போகாதே. கையில் இருந்தால் காசைக் கட்டிவிட்டு நிம்மதியாக ஆடு, இல்லையென்றால் அந்த மாதம் ஆடாதே.

தேவகோட்டை_ரஸ்தா:

இலக்கு தேடுவதற்கு முன்னால் எந்தச் சீட்டு என்று பார்க்க வேண்டாமா? ரிச்சர்ட் பார்ட்டில் என்று ஒருவர், 1978-இல் முதல் மட் கேமை (பலர் சேர்ந்து எழுத்திலேயே ஆடும் கேம்) எழுதிய இருவரில் ஒருவர். ஆடுகிறவர்களை 1996-இல் நான்கு சீட்டாகப் பிரித்தார். டைமன் என்றால் சேர்க்கிறவன். இஸ்பேட் என்றால் தோண்டிப் பார்க்கிறவன். ஆர்ட்டின் என்றால் ஆட்களுக்காக வருகிறவன். கிளாவர் என்றால் அடுத்தவனை அடிக்க வருகிறவன். யாரும் ஒரே சீட்டு இல்லை, ஆனாலும் கையில் எது அதிகம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆர்ட்டின்காரனிடம் போய் 13 மில்லியன் எக்ஸ்பி என்றால் ஓடத்தான் செய்வான்.

சித்தா, மூன்று வருடத்தில் உனக்கு நன்றாக நினைவில் இருப்பது எது? யோசிக்காமல் சொல்.

செக்காலை_சித்தன்:

யோசிக்காமல் என்றால் ஒன்றுதான். ரெசிபி ஃபார் டிசாஸ்டர் குவெஸ்ட். ஒவ்வொருவருக்கும் பிடித்ததைச் சமைத்துக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். அதற்காக எங்கெங்கோ அலைந்தேன், அந்த ஒரு குவெஸ்ட்டுக்காகவே பத்து குவெஸ்ட் முடித்தேன். கடைசியில் கையுறை கிடைத்தது, ஆனால் நினைவில் நிற்பது அலைச்சல்தான்.

தேவகோட்டை_ரஸ்தா:

இஸ்பேட். இதற்கு 99 எதற்கு? டைரியை எடு.

நிர்வாகி:

குவெஸ்ட்டில் வெள்ளைப் பணியாரம் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்பதில் தொடங்கி, பச்சரிசிக்கு உளுந்து எவ்வளவு என்று போன பதினேழு பதிவுகளைச் சமையல் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடிக்காரன்:

ரஸ்தா ஆடாத கேமுக்குச் சரியாகச் சொல்லிவிட்டார். அச்சீவ்மென்ட் டைரி என்ற வேலைப் பட்டியல் 12 வட்டாரம், வட்டாரத்துக்கு நான்கு படி, மொத்தம் 48. ஈஸி, மீடியம் எல்லாம் உனக்குப் பெரும்பாலும் முடிந்திருக்கும். கடைசிப் படியான எலைட்டில்தான் விஷயம். உதாரணத்துக்குக் கராம்ஜா எலைட்டை மட்டும் எடு: ஒரே நேரத்தில் 56 நேச்சர் ரூன் செய்ய ரூன்கிராஃப்ட் 91, ஆன்டிவெனம் காய்ச்ச ஹெர்ப்லோர் 87, மரம் வளர்க்க ஃபார்மிங் 72, அப்புறம் ஃபைட் கேவ்ஸில் 63-ஆவது அலையில் வரும் ஜாத் என்ற அரக்கனை அடித்து ஃபயர் கேப். ஒரு வரியில் நான்கு வேலை, நான்கும் வெவ்வேறு மாதிரி. ஒன்று சலித்தால் மற்றதற்குத் தாவலாம். அந்த 91 எனக்கு அஜிலிட்டியில் எப்படிக் கசந்தது! இங்கே அதே 91 கசக்காது, ஏனென்றால் அது எங்கேயோ போகிற வழியில் இருக்கிறது.

எங்கள் பட்டறையில் டைல்ஸ் போடுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலரை ஊற்று, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கு, எடு, தண்ணீரில் போடு. ஒரு கல்லைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் அப்பா "இன்றைக்கு எத்தனை கல்" என்று கேட்கவே மாட்டார். "இன்றைக்கு யார் வீட்டு முகப்புக்கு" என்றுதான் கேட்பார்.

செக்காலை_சித்தன்:

சரி. தாளில் எழுதிவிட்டேன். கணக்கு இன்று ஆரம்பம், சித்திரை ஒன்று அன்று முடிவு.

பெரியது: கராம்ஜா எலைட். பெரியது: ஜாத் (கராம்ஜாவுக்குள்தான் வருகிறது, இருந்தாலும் எனக்கு ஜாத் என்றால் பயம், அதனால் தனி வரி). சின்னது: தினம் காலையில் மரம். உதவாதது: உலகத்தில் இருக்கும் எல்லாப் பூனைகளையும் பார்த்துவிடுவது.

கவுனி அக்கா மாதிரி நோட்டும் போட்டிருக்கிறேன். கடையில் கிடந்த பழைய பில் புத்தகம், பின்பக்கம் வெறுமை.

வைரவன்பட்டி_வாட்ச்மேன்:

பூனை எத்தனை என்று கடைசியில் சொல்லு.

செக்காலை_சித்தன்:

ஐந்து வாரம் ஆகிவிட்டது, நிலவரம் சொல்கிறேன்.

ஹெர்ப்லோர் முடிந்தது. மரம் தினமும் போகிறது, காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் நட்டுவிடுகிறேன். பக்கத்துக் கடை அண்ணன் நான் ஏதோ ஷேர் மார்க்கெட் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு எந்த ஷேர் வாங்கலாம் என்று கேட்டார். ரூன்கிராஃப்ட் 84. மெதுவாகத்தான் ஏறுகிறது, ஆனால் பேங்க் வாசலில் நிற்கவில்லை.

ஜாதிடம் மூன்று முறை செத்தேன். முதல் இரண்டு முறை என் தப்பு, அது விடுவது அம்பா மந்திரமா என்று பார்த்து, அதற்கேற்ற ப்ரேயரை (காக்கும் பிரார்த்தனை) மாற்றுவதற்குள் கை நடுங்கிவிட்டது. மூன்றாவது முறை அதன் ரத்தம் பாதிக்குக் கீழே வந்த நேரம் கரண்ட் போனது. கேமில் ஜாத் இருந்தது, நான் இல்லை. அன்றைக்கு மட்டும் போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஒரு வாரம் அந்தப் பக்கம் போகாமல் பூனை தேடினேன்.

குன்றக்குடி_மயில்:

நடந்து போய் நடந்தே வந்துவிட்டேன். இரண்டு காலிலும் கொப்புளம். இத்தனை நாள் லாகின் இல்லை, வந்து பார்த்தால் என் மரங்களெல்லாம் வளர்ந்து நிற்கின்றன. பெட்டியடி ஐயா சொன்ன அந்த இரண்டு வாரம் எனக்கு வருடாவருடம் தானாகவே கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

சித்தா, ஜாத் ஒரு தாளம். 0.6 விநாடிக்கு ஒரு டிக், அதாவது கேமின் ஒரு துடிப்பு, அது நம் ஊர் நெட்டுக்குப் போதும். திரையைப் பார்த்துப் பயப்படாமல் அதன் காலை மட்டும் பார். இரண்டு முன்காலையும் தூக்கித் தரையில் அடித்தால் அம்பு.

ஆத்தங்குடிக்காரன்:

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அழைப்பில் வருகிறேன், "அம்பு, மந்திரம்" என்று நான் கத்துகிறேன், நீ மாற்று. இன்வெர்ட்டர் இருக்கிறவன் வீட்டில் போய் உட்கார்.

பெட்டியடி_பையன்:

என் வீட்டில் இருக்கிறது. பள்ளத்தூருக்கு பஸ் ஏறு தம்பி. ராத்திரி சாப்பாடு இங்கேதான்.